23,600 ரூபாய் போச்சு, சத்தம் மட்டும் போகவில்லை

நேற்று சாயங்காலம்தான் விஷயமே தெரிந்தது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. காரில் ஏதோ சத்தம் வருகிறதே என்று ஒர்க்‌ஷாப் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எந்தச் சத்தம் எதனால் வரும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது 2014 மாடல், சின்ன பெட்ரோல் கார். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை என்பதால் மதுரையில் நான்தான் ஓட்டுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை மிதித்தால் அடியிலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். டப்பாவில் சில்லறையைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. காலை எடுத்தால் நின்றுவிடும்.

போனில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய், சரிசெய்து கொண்டுவந்து விடுகிற ஆப் கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம். யூனிபார்ம் போட்ட பையன் வந்தான். சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி, கால் வைக்கும் இடத்தில் பேப்பர் விரித்துவிட்டுத்தான் ஏறினான். அந்தப் பேப்பரில்தான் நான் விழுந்தேன். பிள்ளையை ஸ்கூலில் விடுகிற வண்டி, சீக்கிரம் கொடுங்கள் என்று அவனிடம் வாயைவிட்டதும் நான்தான்.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. லிப்டில் தூக்கிய கார், சக்கரத்துக்குப் பின்னால், அதைச் சுற்றவைக்கிற ஆக்ஸில் தண்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் தெறித்துக் கிடக்கிறது. அடுத்த நிமிஷம் போன். "மேடம், ஆக்ஸில் ரெண்டுமே போச்சு. என்ஜின் மவுண்டும் உட்கார்ந்திருச்சு. ஸ்கூலுக்குப் போற வண்டின்னு சொன்னீங்க, ரோட்டுல வீல் லாக் ஆகிட்டா என்ன பண்ணுவீங்க?" மவுண்ட் என்றால் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் கட்டை. மொத்தம் 23,600. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

மறுநாள் வண்டி கழுவித் துடைத்து, சென்ட் மணக்க வந்தது. அதே மேம்பாலம், அதே 'கிர்ர்ர்'.

கூப்பிட்டால், "புது பார்ட்ஸ் மேடம், செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்." நானும் ஓட்டினேன்! அப்புறம், "டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை வேறொரு ஆள் பேசினார்: "உங்க பழைய சத்தம் போயிருச்சு மேடம், இது வேற சத்தம்." எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது.

நேற்று பக்கத்துத் தெருவில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கியரை நியூட்ரலில் போட்டு, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்கச் சொன்னார். ஒரு அளவுக்கு வந்ததும் 'கிர்ர்ர்'. "ஏம்மா, நிக்கிற வண்டியில ஆக்ஸில் சுத்துமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. குனிந்து நீளமான ஸ்க்ரூடிரைவரால் சைலன்சர் குழாய்மேல் ஒரு இடத்தில் அழுத்திப் பிடித்தார். சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்க ஒரு மெல்லிய தகடு இருக்கிறதாம். அதன் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போய், என்ஜின் அதிர்வுக்குத் தகடு படபடக்கிறது. சூடு ஆறட்டும் என்று ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்து, கிளாம்ப் போட்டு இறுக்கினார். கிளாம்ப் 60, கூலி 150.

அத்தோடு விடவில்லை, டார்ச் அடித்து ஆக்ஸிலையும் காட்டினார். பூட் கிழியவே இல்லை. அதன்மேல் காய்ந்து கெட்டியான மண். "இதையா புதுசுங்கிறாங்க? எத்தனை மழையில அடிச்ச மண்ணோ இது." வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை மறுபடி போட்டேன். அதில் பளபளவென்று அலாய் வீல். என் வண்டியில் இருப்பது இரும்பு ரிம், இடதுபக்க வீல் கப் எப்போதோ விழுந்துவிட்டது. பத்து தடவையாவது பார்த்திருப்பேன். எல்லாத் தடவையும் கிரீஸைத்தான் பார்த்தேன், வீலைப் பார்க்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "அது சாம்பிளுக்கு அனுப்பின வீடியோ மேடம்." பழைய பார்ட்ஸ் எங்கே? "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு." பில்? வந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு, அதில் ஜிஎஸ்டி நம்பர்கூட இல்லை. 23,600 ரூபாய்க்கு அடுத்த சர்வீஸில் 500 தள்ளுபடி கூப்பன் தருகிறார்களாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நியூட்ரலில் மிதித்தாலே சத்தம் வந்தால் முதலில் என்ஜின், சைலன்சர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு மிதிக்கும்போது 'டக் டக்' என்றால் ஆக்ஸிலைச் சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் வேகத்தோடு கூடுகிற 'ஊஊ' பெரும்பாலும் வீல் பேரிங். வீடியோ அனுப்பினால் நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பித்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய பார்ட்ஸைக் கையில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வருகிறார். சீட்டுப் பணம் எங்கே என்று கேட்பார்.