நுரையீரல் புற்றுநோயில் ரத்தக்கசிவு: துகளா, பசையா, காயிலா?

இருமலில் ரத்தம் வரும் நுரையீரல் புற்றுநோயாளியைக் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ கொண்டுவரும் குடும்பத்தார், "ரத்தம் எவ்வளவு போயிருக்கும், டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் உயிரைப் பறிப்பது ரத்த இழப்பு அன்று, மூச்சடைப்பு. மூச்சுப்பாதையின் கொள்ளளவே ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். ஆகவே, கசியும் பக்கம் கீழே இருக்கும்படி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சுப்பாதையைக் காத்த பிறகே ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேச முடியும்.

பிரெஞ்சு மருத்துவர் ஜாக் ரேமி 1973இல் விவரித்த இந்த முறையில், தொடை இடுக்குத் தமனி வழியாக கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, மூச்சுக்குழாய்த் தமனியை உள்ளிருந்தே அடைக்கிறார்கள். எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் போட்டி.

ஜெலட்டின் பஞ்சு விலை குறைவு. ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும். கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும் நோயில் அதை மட்டும் நம்புவதற்கில்லை.

பாலிவினைல் ஆல்கஹால் துகள்களும், ஒரே அளவில் உருண்டையாகச் செய்யப்படும் நுண்கோளங்களும் கட்டிக்குள் செல்லும் சிறு கிளைகள் வரை போய் அடைப்பவை. பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் தேர்வாக நான் இவற்றையே சொல்வேன். அளவில் மட்டும் சமரசம் கூடாது: 300 மைக்ரானுக்குக் குறைந்த துகள், போகக் கூடாத நுண்குழாய்களுக்குள்ளும் நுழைந்துவிடும். தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் தமனி சில சமயம் இதே அடித்தண்டிலிருந்து பிரிவதுண்டு. சாய மருந்து செலுத்தியதும் அது திரையில் கொண்டை ஊசி வளைவுபோல் மெல்லிய கோடாகத் தெரியும். அது தெரிந்தால், இன்னும் மெல்லிய மைக்ரோ கதீட்டரை அக்கிளையைத் தாண்டிக் கொண்டுசெல்ல வேண்டும். பாதுகாப்பாகத் தாண்ட முடியாவிட்டால் அடைப்பைக் கைவிட வேண்டும். தவறினால் கால்கள் செயலிழக்கலாம்.

திரவமாகச் செலுத்தப்பட்டு குழாய்க்குள் இறுகும் பசை, நோயாளியின் ரத்தம் உறையும் திறனை நம்பி இருப்பதில்லை. கீமோவால் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் நொடிகளில் இறுகிவிடுவதால், பின்னோக்கி வழிந்து வேறு குழாயை அடைக்காமலும் கதீட்டர் முனை ஒட்டிக்கொள்ளாமலும் செலுத்த, பழகிய கை வேண்டும்.

காயிலை, அதாவது சுருள் வடிவ உலோகக் கம்பியை, மூச்சுக்குழாய்த் தமனியின் வாயிலில் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. புற்றுநோயில் கசிவு திரும்புவது சாதாரணம். அப்போது மீண்டும் உள்ளே போகும் வழியை நாமே மூடியிருப்போம். நுரையீரல் தமனியின் சுவரைக் கட்டி அரித்துப் பொய் வீக்கம் (சுவர் சிதைந்து ரத்தம் தேங்கிய புடைப்பு) உண்டாகியிருந்தால் கதையே வேறு. அங்கே துகளுக்கு வேலையில்லை; காயிலோ, சிதைந்த சுவரை உள்ளிருந்து மூடும் உறையிட்ட ஸ்டென்டோதான் கைகொடுக்கும். பத்தில் ஒன்பது கசிவுகள் மூச்சுக்குழாய்த் தமனி வழியே வந்தாலும், உள்ளே குழி விழுந்த கட்டிகளில் இந்த விதிவிலக்கைத் தேடியே ஆக வேண்டும். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் முன்கூட்டியே ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ படம் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கதிர்வீச்சு பலன் தர நாட்கள் பிடிக்கும். பெருங்கசிவின்போது அது அடைப்புச் சிகிச்சைக்கு மாற்றாகாது. அடைப்பு கட்டியைக் கரைப்பதும் இல்லை. எனவே கசிவு அடங்கியபின், 5 அமர்வுகளில் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போன்ற குறுகிய கதிர்வீச்சைச் சேர்ப்பது பொருத்தம். அதே இடத்தில் முன்பே முழு அளவு கதிர்வீச்சு பெற்றவருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். கசிவு திரும்பினால் மறுபடி கதீட்டரையே நாட வேண்டியிருக்கும்.