நாலு வருஷமாக இசப்கோல் எடுக்கிறேன்

எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கு இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. அதற்கும் தாழ்ப்பாள் சரியாக விழாது. அதனால் காலை எட்டு மணிக்குக் குடிக்கும் காபியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொட மாட்டேன். இருபது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. மலச்சிக்கல் முற்றி மூலமாகி, 2021 கடைசியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் பரிசோதித்து, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியை எழுதிக் கொடுத்தார். ரத்தம் போனால் “மூலம்தான்” என்று நாமே முடிவு கட்டி, பொடி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்பு நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைச் சூரணம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அது குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்கும். எனக்கு வயிற்றை முறுக்கி எடுத்துவிடும். இசப்கோல் அந்த வகை இல்லை. குஜராத், ராஜஸ்தான் பக்கம் குளிர்காலத்தில் விளையும் சிறு செடியின் விதைமேல் இருக்கும் தோல்தான் நாம் வாங்கும் உமி. சீரகத்துக்குப் பேர்போன, குஜராத்தில் இருக்கும் உஞ்சா சந்தைதான் இதற்கும் பெரிய சந்தை. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. விதையின் வடிவத்தைப் பார்த்து ‘குதிரைக் காது’ என்று வைத்திருக்கிறார்கள்.

இந்த உமி தண்ணீரை இழுத்துப் பல மடங்கு ஊதி, கொழகொழவென்று ஆகிவிடும். சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களாலும் இதை அவ்வளவாக நொதிக்கவைக்க முடியாது. அதனால் கடைசிவரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். வயிற்றுப்போக்குக்கு இதையே தயிரில் கலந்து கொடுப்பதும் இதனால்தான். அங்கே மிஞ்சி இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படுத்தும்.

இது புரியாமல் முதல் பத்து நாள் பெரிய தப்பு செய்தேன். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பள்ளியில் வழக்கம்போல வாய் நனைக்காமல் இருந்தேன். வயிறு கல்லாகிவிட்டது, முன்பைவிட மோசம். திரும்பப் போனபோது டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கம்மா?” எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அதன்பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டீஸ்பூன் மட்டும் எடுத்தேன். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், ஒரு கலக்கு, உடனே குடித்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கஞ்சி மாதிரி ஆகி, தொண்டையில் இறங்காது. பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். இரண்டு வாரம் கழித்துத்தான் அளவைக் கூட்டி, சமையலறைத் தராசில் நிறுத்து ஐந்து கிராமுக்கு வந்தேன். முதல் வாரம் இருந்த உப்புசம் தானாக அடங்கியது. மூன்றாவது வாரம் முக்காமல் போக முடிந்தது. இரண்டு மாதத்தில் ரத்தம் நின்றது. இந்த நாலு வருஷத்தில் இரண்டு தடவை திரும்ப எட்டிப் பார்த்தது. இரண்டுமே பயணத்தில் தண்ணீரைக் குறைத்த சமயம்.

பள்ளியில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கழிப்பறை வேண்டுமே! நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். தாழ்ப்பாள் மாற்றி, குழாய் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. அதைக் கேட்காமலே இத்தனை வருஷம் உடம்பைக் கெடுத்துக்கொண்டோமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

கொலஸ்ட்ராலுக்கும் இது கொஞ்சம் உதவும். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் செய்யும் பித்த அமிலங்களை இந்தக் கொழகொழப்பு பிடித்து வெளியேற்றிவிடும். அவற்றைப் புதிதாகச் செய்ய கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். தினம் 7 கிராம் கரையும் நார் இதிலிருந்து கிடைத்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதித்தது. அதற்கு உமி சுமார் 10 கிராம் வேண்டும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு 2023இல் சாயங்காலமும் ஐந்து கிராம் சேர்த்தேன். ஆறு மாதத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 152இலிருந்து 138க்கு வந்தது. எண்ணெயையும் குறைத்திருந்தேன், அதனால் பெருமை முழுவதையும் உமிக்கே கொடுக்க மாட்டேன்.

நடுவில் ஒரு மாதம் இனுலின் என்ற வேறொரு நார்ப் பொடி வாங்கிப் பார்த்தேன். காபிப் பொடியில் கலக்கும் அதே சிக்கரி வேரிலிருந்து எடுப்பது. லேசாக இனிக்கும், தண்ணீரில் தெரியாமல் கரையும். ஆனால் நன்றாக நொதிப்பதால் எனக்கு வாயு தாங்க முடியவில்லை.

தைராய்டு மாத்திரை விடியற்காலையில் போடுகிறேன். மருந்தை உடம்பு ஏற்பதை நார் குறைக்கலாம் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஆரஞ்சு வாசனை போட்டு வரும் பலவற்றில் சர்க்கரை இருக்கும்; வெறும் உமியே போதும். என் மாமியார் கேட்டும் அவருக்கு இதைக் கொடுக்கவில்லை. மாத்திரையே அவருக்கு நெஞ்சில் நிற்கும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது தொண்டையில் ஊதி அடைத்துவிடும். அவருக்கு ஊறவைத்த உலர்திராட்சையும் வாழைத்தண்டும்தான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை, மதியம் ஆகியும் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வைத்திருந்தார். பக்கத்தில் போய், தாழ்ப்பாள் இப்போது நன்றாக விழுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.