மர ரேகை ரப்பர்: காசுக்குச் சரியான பொருள், கணுவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்

இரும்புக் கதவிலும் பிளைவுட்டிலும் மர டிசைன் இழுக்கிற ரப்பரைப் பற்றி எழுதுகிறேன். ஆன்லைனில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பெரிய பெயிண்ட் கடைகளில் கேட்டால் உள்ளேயிருந்து தேடி எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் கம்பெனிப் பெயர் எதுவும் இருக்காது. ஒரு பாலிதீன் கவர், உள்ளே ஒரு கைப்பிடி, அதன் முனையில் வளைந்த ரப்பர், கூடவே மூன்று பக்கமும் பல் வெட்டிய முக்கோணச் சீப்பு ஒன்று. நான் திருச்சிப் பக்கம் வீடுகளில் அலங்காரப் பெயிண்டிங் செய்கிறவன். மார்பிள் ஃபினிஷ், டெக்ஸ்சர், ஸ்டென்சில் எல்லாம் வரும், ஆனால் தேக்கு விற்கிற விலையில் ஆளாளுக்கு ஸ்டீல் கதவுக்கு மாறிவிட்டதால் "அண்ணே, பார்த்தா மரம்னு நம்பணும்" என்கிற வேலைதான் இப்போது அதிகம். அதனால் இந்த ரப்பர் என் பையில் எப்போதும் கிடக்கும்.

கொடுக்கிற காசுக்கு நல்ல பொருள்தான், அதில் சந்தேகமே இல்லை. என் சண்டை ரப்பரோடு இல்லை, அதை வைத்து நம் ஆட்கள் செய்கிற வேலையோடுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ரப்பரின் வளைந்த முகத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அரைவட்ட மேடுகள் இருக்கும். கதவில் முதலில் ஒரு வெளிர் நிறம் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதற்கு மேல் அடர் பழுப்பு நிறத்தை மெல்லிசாகப் பூசுகிறோம். அந்த மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே ரப்பரை வைத்து இழுத்தால், மேடு பட்ட இடமெல்லாம் வழிக்கப்பட்டு அடியில் இருக்கிற வெளிர் நிறம் கோடாகத் தெரியும், பள்ளத்தில் அடர் நிறம் தங்கிவிடும். சாய்வை மாற்றாமல் இழுத்தால் ஏறக்குறைய நேர் வரி. இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லத் தூக்கிச் சாய்த்தால் அரைவட்டங்கள் ஒவ்வொன்றாக நீண்டு இறங்கும், திரும்பக் கொண்டுவந்தால் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு கணு விழும். முதல்முறை பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள். வீட்டுக்காரரே வந்து "நான் ஒரு இழுப்பு இழுக்கட்டுமா" என்று கேட்பார். இழுக்கவிடுவேன், ஈரமாக இருக்கிறவரை அழித்துவிடலாம் இல்லையா.

இந்தக் கணுதான் வினை. கை ஆட்டினாலே அவ்வளவு அழகாக விழுகிறதே என்று அடிக்கு ஒன்று போட்டுக்கொண்டே போகிறார்கள். ஆறேழு கணு, அதுவும் ஒவ்வொரு பட்டையிலும் ஒரே உயரத்தில், ஒரே அளவில். தெருவில் போகிறவனுக்குக்கூட அது பெயிண்ட் என்று தெரிந்துவிடும். கேட்டால் "தேக்கு ஃபினிஷ்" என்பார்கள். ஐயா, எந்த ஆசாரியாவது இத்தனை கணு உள்ள தேக்குப் பலகையைத் தலைவாசல் கதவுக்கு எடுப்பாரா? மரக்கடையிலேயே ஓரமாகத் தள்ளிவிடுவார். வைரம் பாய்ந்த நல்ல தேக்கில் நீளமான நேர் வரிகள் இருக்கும், அங்கங்கே வரி கொஞ்சம் நெளியும், ஒன்றிரண்டு பலகையில் மலைமலையாகக் குவிந்த வளைவு வரும், அவ்வளவுதான். இந்த ரப்பரில் தானாக வருகிற டிசைன் உண்மையில் பைன் மரத்துக்குத்தான் நெருக்கம், பார்சல் பெட்டி அடிக்கிற அந்த வெள்ளை மரம். தேக்கு என்று காசு வாங்கிக்கொண்டு பார்சல் பெட்டி வரைந்து கொடுப்பதில் என்ன இருக்கிறது.

ஆகவே என் வழக்கம் இது: ஒரு கதவுக்கு ஒரு பலகையில், அதிகம் போனால் இரண்டில், இந்த ரப்பரை வைத்து வளைவு எடுப்பேன், அதிலும் கணு வரைக்கும் போகாமல் பாதிச் சாய்விலேயே திரும்பிவிடுவேன். மற்ற இடமெல்லாம் கூட வருகிற முக்கோணச் சீப்புதான். யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சீப்புக்காகவே இந்த செட்டை வாங்கலாம். மூன்று பக்கத்திலும் மூன்று விதப் பல், பொடி, நடுத்தரம், அகலம். பொடிப் பல்லால் நேராக ஒரு முறை இழுத்து, அதற்கு மேலேயே லேசாகச் சாய்த்து இன்னொரு முறை இழுத்தால் நீள வரிகள் உடைந்து சின்னச் சின்னக் கீற்றாக மாறும். தேக்கைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், அதில் இருப்பதும் அந்த மாதிரிக் கீற்றுகள்தான். கடைசியாக, காய்ந்த பழைய 4 இஞ்ச் பிரஷ்ஷால் வரி போகிற பக்கமாகவே தொட்டும் தொடாமலும் ஒரு நீவு நீவினால் கோடுகளின் விளிம்பு மங்கும். இந்த நீவலைச் செய்யாத வேலை எவ்வளவு நன்றாக இழுத்திருந்தாலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதாகத்தான் தெரியும்.

இங்கிலாந்தில் தாமஸ் கெர்ஷா என்று ஒரு பெயிண்டர் இருந்தார், 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் மர, மார்பிள் வேலைக்காகப் பதக்கம் வாங்கியவர், அவருடைய பலகைகள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. படத்தில் பார்த்தாலே மரமா பெயிண்டா என்று மயங்கும். அந்தக் காலத்துக் கைவேலைக்காரர்களின் ஆயுதம் சீப்பும் பிரஷ்ஷும் கட்டைவிரலில் சுற்றிய துணியும்தான், ஓக் மரம் போல வரையும்போது அதில் குறுக்கே மின்னுகிற கீற்றுகளை விரலில் துணி சுற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பார்கள். அவ்வளவு தூரம் போவானேன், இல்லாத கல்லை இருப்பதாகக் காட்டுவது நமக்கொன்றும் புதிதில்லை. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள், செட்டிநாட்டு வீட்டுச் சுவரும் அந்த வகைதான், கை வைத்தால் ஜில்லென்று பளிங்கைத் தொட்டது போல் இருக்கும். இன்றைக்கு நாம் டப்பாவில் வாங்கி அடிக்கிறோம்.

சரி, ரப்பருக்கு வருவோம். அதன் கூடவே வருகிற செய்முறைச் சீட்டில் (வந்தால்) மூன்று படம் போட்டிருப்பார்கள்: பூசு, இழு, காயவிடு. உண்மையான வேலை அந்த முதல் படத்துக்கும் முன்னால் இருக்கிறது. ஸ்டீல் கதவு என்றால் துரு போக உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, அடி நிறம் இரண்டு கோட்டிங். இந்த ரப்பருக்கு மேடு பள்ளம் ஆகவே ஆகாது. தளம் சமமாக இல்லையென்றால் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துவிடும், அந்த இடத்தில் திட்டாக அடர் நிறம் நிற்கும். அதனால் சிமென்ட் சுவரில் இதை வைத்து இழுப்பது வீண், சுவருக்கு வேறு முறைகள் இருக்கின்றன. பழைய பெயிண்ட் உள்ள கதவைத் தேய்ப்பதாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்னால் அடித்த எனாமலில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அடி நிறம் தேக்குக்கு மங்கிய மஞ்சள் கலந்த ஐவரி. ஈட்டி மரம் வேண்டுமென்றால் செம்பழுப்பு அடித்து அதன் மேல் கறுப்பு கலந்த பழுப்பு. ஒரு ராத்திரியாவது முழுதாகக் காய வேண்டும், அவசரப்பட்டு மேல்பூச்சைப் போட்டால் அதில் இருக்கிற டர்பன்டைன் அடிப்பூச்சையும் கிளப்பிவிடும், ரப்பர் இழுக்கும்போது தோலாக உரிந்து வரும். மேல்பூச்சுக்கு எனாமலையே டர்பன்டைனில் தளர்த்தி, கொஞ்சம் லின்சீட் ஆயில் சேர்ப்பேன், சீக்கிரம் இறுகாமல் இருக்க. நிறத்துக்கு ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கிற நிறச்சாறு) பாட்டில், செம்பழுப்புக்கு பர்ன்ட் சியன்னாவும் அடர் பழுப்புக்கு அம்பரும். பதம் கைப்பழக்கம்தான்: தண்ணியாக இருந்தால் இழுத்த கோடு கண்ணெதிரேயே மூடிக்கொள்ளும், கெட்டியாக இருந்தால் வரம்பு வரம்பாக மேடு கட்டி நிற்கும், வார்னிஷ் அடித்தாலும் மறையாது. அதற்கு ஒரு பழைய தகரத் துண்டையோ பிளைவுட்டையோ அதே அடி நிறத்தில் அடித்து வைத்துக்கொண்டு, அதில் இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் போவதுதான் புத்தி.

வெயிலைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரி கிடையாது, எங்கேயோ குளிர் தேசத்து ஆளுக்காக எழுதியது போல. நம் ஊரில் மேற்குப் பார்த்த இரும்புக் கதவு மத்தியானத்தில் தொட முடியாது, அதில் பூசிய மேல்பூச்சு இழுப்பதற்குள் பிசின் மாதிரி ஆகிவிடும். காலையிலேயே ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், வீட்டுக்குள் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு. தண்ணீரில் கரைகிற வகைக்கு இன்னும் அவசரம். ஐப்பசி அடைமழையில் வேறு தொல்லை, காயவே காயாது. மொத்தக் கதவையும் ஒரே மூச்சில் பூசாமல் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பிரிப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மரக்கதவை ஆசாரி எப்படிச் சேர்த்திருப்பாரோ அப்படித்தான் வரி போக வேண்டும், நிற்கிற சட்டத்தில் மேலிருந்து கீழே, குறுக்குச் சட்டத்தில் இடமிருந்து வலம், இரண்டும் சந்திக்கிற இடத்தில் கத்தி வைத்து வெட்டினாற்போல் ஒரு கோடு. மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு திசையை முடித்துக் காயவிட்டு, மறுநாள் அடுத்த திசை. தட்டையான ஸ்டீல் கதவில்கூட இப்படிச் சட்டம் பிரித்து வரைந்தால் திடீரென்று கதவு கனமாகத் தெரியும். இதைச் செய்யாமல் மேலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால், எவ்வளவு நல்ல ரேகையாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டியதாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். ஏழடி நீளத்தில் அவ்வளவு அகலப் பலகை எந்த மரத்தில் கிடைக்கும்?

பொருளில் குறை என்றால் சில உண்டு. அகலம் பெரும்பாலும் 3 முதல் 5 இஞ்ச், அதனால் மூலையிலும் வாசக்கால் ஓரத்திலும் எட்டாது, அங்கே சீப்பையோ மடித்த அட்டையையோதான் வைத்துச் சமாளிக்க வேண்டும். பூ வேலை, புடைத்த பேனல் உள்ள கதவுக்கு உதவாது. சில செட்டில் ரப்பரைக் கைப்பிடியில் வெறும் பசையால் ஒட்டியிருப்பார்கள், டர்பன்டைன் பட்டதும் விட்டுவிடும். பிளாஸ்டிக் தாடைக்குள் செருகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டர்பன்டைனில் ஊறப் போட்டால் ரப்பர் உப்பிவிடும், மேடுகளின் கூர்மை போய்விடும், அப்புறம் கோடு கோடாக விழாது, ஈஷும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியால் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு துடை, உடனே சோப்புத் தண்ணீரில் கழுவல், இவ்வளவு செய்தால் நீண்ட நாள் வரும். வளைவு முகம் கீழே படும்படி கனத்துக்கு அடியில் வைக்காதீர்கள், சப்பையாகிவிடும்.

இதே டிசைனில் ரோலரும் வருகிறது, அதை வாங்க வேண்டாம். ஒரு சுற்று சுற்றி வந்ததும் அதே கணு, அதே வளைவு, அச்சுப் பிசகாமல் திரும்ப விழும். கைரப்பரில் குறைந்தது நம் கை மாறுவதால் ரேகை மாறுகிறது.

மேலே வார்னிஷ் எது என்பது தனிப் பஞ்சாயத்து. வீட்டுக்காரர்கள் பளபளவென்று கேட்பார்கள், நான் லேசான மினுமினுப்பு மட்டும் உள்ள சாட்டின்தான் சொல்வேன். பளபளப்பு ஏற ஏற அடியில் இருக்கிற தகரத்தின் சின்ன நெளிவெல்லாம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளடிக்கும், தேக்கு நிறத்துக்கு அது கெடுதலில்லை, வெளிர் மரத்துக்கு ஆகாது. வெயில் படுகிற வெளிக்கதவுக்கு புறஊதாவைத் தாங்குகிற பியூ (பாலியூரித்தேன்) கிளியர் இரண்டு கோட்டிங், அதிலும் சிக்கனம் பார்த்தால் ரெண்டு கோடையில் ரேகை வெளுத்துப்போகும்.

கூலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ரப்பர் ஆன்லைனில் வந்த நாளிலிருந்து எல்லா வீட்டிலும் இதே பேச்சு. "அந்த ரப்பர் முந்நூறு ரூபாதானே அண்ணே, இழுத்தா வந்துடுது, அதுக்குப் போய் சதுர அடிக்கு இவ்ளோ கேக்குறீங்களே." இழுப்பது சில நிமிட வேலைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. துருவெடுப்பதிலிருந்து கடைசி வார்னிஷ் வரை ஒரு கதவுக்காக எத்தனை தடவை வந்து போகிறோம், நடுவில் காய்வதற்காக எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறோம், அதற்குத்தான் கூலி. நீங்களே செய்து பார்க்க ஆசையாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், பீரோ, பழைய ஸ்டூல், பிளைவுட் அலமாரிக் கதவு என்று சின்னதில் ஆரம்பியுங்கள். தலைவாசலில் வேண்டாம். பிடிக்காவிட்டால் உப்புத்தாள் போட்டு எடுப்பது அடித்ததைவிடப் பெரிய வேலை.

5-க்கு 4 கொடுக்கலாம். சீப்பு இல்லாமல் தனியாக விற்கிற ரப்பர் என்றால் 2.