மாரியில் தெருவோரம் நின்று நீர்வர்ணம்: எது தாங்கியது, எது தாங்கவில்லை

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வெளியே நின்று வரைபவர்கள், தண்ணீர் உறையாமல் இருக்க அதில் கொஞ்சம் வொட்கா கலப்பதுண்டு. வன்னியில் அந்தச் செலவு மிச்சம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்களுக்குத் தொல்லை வேறு: பூசிய வர்ணம் இலேசில் காயாது. பல மாரிகளாகக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடை விறாந்தைகளில் ஒதுங்கி நின்று வரைகிறேன்.

காசு போட வேண்டியது தாளில்தான். அட்டையில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம் எடை) என்று இருந்தால் மட்டும் போதாது. மரக்கூழ்த் தாள் அதே எடையிலும் இந்த ஈரத்துக்கு நெளிந்துவிடும். இரண்டாம் பூச்சுப் போடும்போது அடியில் உள்ள வர்ணம் கிளம்பி வரும். நூறு வீதம் பருத்தித் தாள் விலை கூடத்தான். ஆனால் 56க்கு 76 சென்ரிமீற்றர் முழுத்தாளாக வாங்கி எட்டாக வெட்டினால், 19க்கு 28 அளவில் துண்டுகள் கிடைக்கும். ஒரு கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு வரைய அந்த அளவு தோது. வீட்டில் பொலித்தீன் பையில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் ஏறினால் தாளின் பசைப்பூச்சு கெட்டு, வர்ணம் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தாள் கணக்கு எழுதத்தான் சரி.

காயாமல் இருப்பதில் ஒரு இலாபமும் உண்டு. மழை விட்ட கையோடு ஏ9 வீதியைப் பாருங்கள்: இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் சிவப்பு, தார் மேல் நீளமாக இழுபட்டுக் கிடக்கும். அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலில் வீதியைப் பூசி, ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் மங்கிய சிவப்பை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் விட வேண்டும். வெயில் காலத்தில் தூரிகையைத் தோய்த்து எடுப்பதற்குள் வீதி காய்ந்து, விளிம்பு கத்தி வெட்டாக நின்றுவிடும். மாரியில் ஆறுதலாக நின்று செய்யலாம். சிவப்பு தானாகவே கரைந்து பரவும். ஆனால் அடுத்த பூச்சுக்கு அவசரப்படக் கூடாது. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். நான் இரண்டு துண்டுகளை மாறி மாறி வரைகிறேன்.

தேன் சேர்த்த ரியூப் வர்ணங்கள் இந்தக் காலநிலைக்கு ஒத்துவரவில்லை. தட்டில் இறுகாமல் பிசுபிசுத்து, பைக்குள் வழிந்து, ஒரு மாரியில் பூஞ்சணமும் பிடித்தது. கட்டி வர்ணம்தான் நல்லது. தகரத் தட்டில் பூச்சுக் கழன்ற இடமெல்லாம் கறள்; பிளாஸ்ரிக் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரப்பிடித் தூரிகைகளில் சில ஊறி வெடித்துத் தலை ஆடுகின்றன. செயற்கை மயிர் எட்டாம் நம்பர் ஒன்று மட்டும் எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது.

குடை கறுப்பாக இருக்கட்டும். நிறக் குடை தன் நிறத்தைத் தாளில் கொட்டும். சாம்பல் சரியா பிழையா என்று கண்ணுக்கே தெரியாது.

வவுனியா பஜாரில் நின்றபோது கடைக்கார ஐயா ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, உதை ஃபோனில எடுத்தால் சோலி முடிஞ்சுதே" என்றார். கதிரை மட்டும் உள்ளிருந்து எடுத்துத் தந்தார்.

தை பிறந்து வெயில் ஏறினால் கணக்கெல்லாம் மாறும். அப்போது தண்ணீர் தெளிக்கும் சின்னப் போத்தல் ஒன்றும் பையில் வேண்டும்.