முதல் சந்திப்புக்குத் தட்டுவடை செட் கடை சரிப்படுமா?

ஜாதகம் பொருந்தியாச்சு, "வெளிய ஒரு தடவை பேசிட்டு வந்துருங்க" என்று வீட்டிலும் சொல்லியாச்சு. சேலத்தில் இப்படிக் கிளம்புகிறவர்கள் ஒன்று ஏசி காபி கடைக்குப் போவார்கள், இல்லையென்றால் ஏற்காடு. ஏற்காட்டில் சிக்கல் என்னவென்றால், ஏரிக்கரையிலேயே பேச்சு தீர்ந்துபோனாலும் 20 கொண்டை ஊசி வளைவையும் சேர்ந்துதான் இறங்கணும். காபி கடையில் கோப்பையையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டலாம். தட்டுவடை செட் தள்ளுவண்டியில் அதற்கு வழியில்லை.

காரணம் செட்டின் அமைப்பு. கீழே ஒரு தட்டுவடை (மொறுமொறுவென்ற சின்னத் தட்டை), அதன்மேல் மல்லி புதினா சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம், மிளகாய் பூண்டுச் சட்னி, மூடுவதற்கு இன்னொரு தட்டுவடை. அடுக்கிய நொடியிலேயே காயின் ஈரம் வடைக்குள் இறங்க ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று நிமிடத்தில் நமத்துவிடும். பாதி கடித்தால் நொறுங்கிச் சட்டையில் கொட்டும். முழுசாக வாயில் போடுவதுதான் முறை. கன்னம் உப்பி, காரத்தில் மூக்கு ஒழுகும்போது யாராலும் மாப்பிள்ளைத் தோரணையோ பெண் பார்க்கும் அடக்கமோ காட்ட முடியாது.

ஆளுக்கொரு தட்டு சொல்ல வேண்டாம். முதலில் ஒரே தட்டு செட், பிறகு ஒரு நொறுக்கல் (வடையை நொறுக்கிக் காய், சட்னியோடு கலந்தது), இரண்டு ஸ்பூன். ஒன்றுக்கு இவர் காசு கொடுத்தால் அடுத்ததுக்கு அவர். பில்லுக்காக இழுபறி இல்லை. காரம் பழகாதவர் முதலிலேயே "காரச் சட்னி கம்மியா" என்று சொல்லிவிடணும். பூண்டு செட் என்றால் இரண்டு பேரும் சாப்பிடணும், அல்லது இரண்டு பேருமே தொடக்கூடாது.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பீட்ரூட் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தால் துருவி வெகுநேரம் ஆகிவிட்டது. வெறும் வடை ஒன்றைக் கேட்டு உடைத்துப் பாருங்கள். 'படக்' என்று உடையணும். மழை நாளில் டப்பாவை மூடாத கடை என்றால் வளையும். வெளிர் நிறச் சட்டை வேண்டாம். கறை பட்டால் தேய்க்காமல் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

குறைகளும் உண்டு. உட்கார இடமிருக்காது, ஹாரன் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது, தெரிந்த சித்தப்பா ஒருவர் கட்டாயம் பைக்கை நிறுத்துவார். மாலை கடை போட்ட கையோடு போய்விட்டால் கூட்டம் குறைவு.

காதல் மலருமா என்றால், பூண்டு வாசத்தில் சந்தேகம்தான். ஆனால் அம்மாபேட்டைக்காரருக்கு அவர் தெருக் கடைதான் உசத்தி, செவ்வாய்ப்பேட்டைக்காரர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். சம்பளம், சொந்த வீடு எல்லாம் மறந்து சட்னிக்குச் சண்டை வந்துவிட்டால் 'வாங்க, போங்க' தானாகவே 'வா, போ' ஆகிவிடும். அந்தச் சண்டையைத் தீர்க்க அடுத்த வாரம் இன்னொரு கடைக்குப் போகணும். கல்யாணப் பேச்சு நின்றுபோனாலும் இந்தக் கணக்கு நிற்காது.

முடிவு கேட்க வீட்டில் காத்திருப்பவர்களுக்குப் பார்சல் வாங்கினால், வடை, காய், சட்னி மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். அடுக்கின செட் வீடு போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும்.