ஹன்டர் பிஜிபி ஸ்பிரிங்க்ளர்: மாடித் தொட்டித் தண்ணீருக்கு எழும்பாது

ஹன்டர் பிஜிபி-ஏடிஜே மண்ணுக்குள் புதைந்திருக்கும் பாப்-அப் ஸ்பிரிங்க்ளர். தண்ணீர் திறந்ததும் 10 செ.மீ. மேலெழுந்து, கியரில் மெதுவாகச் சுழன்று பாய்ச்சும். வீட்டுப் புல்தரைக்கு நம்பி வாங்கலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் உங்கள் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் தரும். ஒரு மாடி வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் அதுகூடக் கிடைக்காது. இதற்கோ குறைந்தது 1.7 பார் வேண்டும். 3 பார் இருந்தால் அருமையாக வேலை செய்யும். அழுத்தம் பற்றாதபோது ஸ்பிரிங்க்ளர் தலை பாதி எழும்பி, கழுத்தைச் சுற்றிக் கசிந்தபடி நின்றுவிடும். பொருள் பழுது என்று தோன்றும், கோளாறு லைனில்தான். 4.5 பாரைத் தாண்டினால் தண்ணீர் புகையாகிக் காற்றோடு போய்விடும்.

9 மீட்டருக்கு 9 மீட்டர் புல்தரை என்றால் நான்கு மூலையிலும் ஒவ்வொன்று போதும். ஒரு தலையின் தண்ணீர் பக்கத்துத் தலையின் காலடி வரை எட்ட வேண்டும். பாதித் தூரத்தில் நின்றால் நடுவில் புல் காயும். மூலைக்கு 1.5 எண் நாசில் (தண்ணீர் பீச்சும், மாற்றக்கூடிய முனை) போடுங்கள். ஒரு தலைக்கு நிமிடத்துக்கு 5.7 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 23 லிட்டர். ஆகவே மோட்டார் 30 மீட்டர் ஹெட்டில் (30 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், ஏறக்குறைய 3 பார்) நிமிடத்துக்கு 25 லிட்டராவது தள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள 'மேக்ஸ் ஹெட்' தண்ணீரே வராத நிலையின் அளவு; அதை நம்பாமல், எந்த ஹெட்டில் எத்தனை லிட்டர் வரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

பெரிய தரையில் ஓரத்தில் அரைவட்டமும் நடுவில் முழுவட்டமும் வரும். எல்லாத் தலைகளும் ஒரே வேகத்தில் சுழல்வதால், கால்வட்டத்துக்கு 1.5, அரைவட்டத்துக்கு 3, முழுவட்டத்துக்கு 6 என்று நாசில் போட்டால்தான் எல்லா இடமும் ஒரே அளவு நனையும். எல்லாவற்றிலும் ஒரே நாசிலை மாட்டிவிட்டால் மூலை சேறாகும், நடு வறளும்.

திசை வைப்பதில்தான் பொறுமை வேண்டும். இடப்பக்க எல்லை நிலையானது. கோணம் சரிசெய்யும் சாவியால் நகர்வது வலப்பக்கம் மட்டும். அதனால் பொருத்தும்போதே இட எல்லையைச் சுவர் ஓரத்துக்கு நேராக வைத்துவிடுங்கள். பிறகு மேல்பகுதியைக் கையால் மெதுவாக இட எல்லைக்குக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு சாவியை வலஞ்சுழியாகத் திருப்பினால் கோணம் கூடும். முழுச் சுற்று ஒன்றுக்கு 90 டிகிரி. எல்லையைத் தாண்டி முரட்டுத்தனமாகத் திருகினால் கியர் போய்விடும். தூரத்தைக் குறைக்க நாசில் மேலுள்ள திருகை இறக்கலாம், ஆனால் கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

தலைகளை மாட்டுவதற்கு முன் லைனை நன்றாக ஓடவிட்டு பிவிசி துருவலையும் மண்ணையும் வெளியேற்றுங்கள். குழாயோடு நேராக இறுக்காமல் வளையும் இணைப்பு கொடுத்தால் புல்வெட்டி ஏறினாலும் உடையாது. மூடி தரைமட்டத்தில் இருக்கட்டும். போர் தண்ணீரென்றால் 120 மெஷ் (சல்லடைக் கண் அளவு) டிஸ்க் ஃபில்டர் கட்டாயம். மணல் ரப்பர் சீலில் சிக்கினால் தலை உள்ளே இறங்காது. உப்புப் படிந்த நாசிலைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டாலே சுத்தமாகிவிடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை அகன்றுவிடும்.

எவ்வளவு நேரம் விடுவது? தரையில் ஆறேழு நேர்சுவர் டம்ளர்களைப் பரப்பி வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். மேலே சொன்ன அமைப்பில் ஏறக்குறைய 4 மி.மீ. நிற்க வேண்டும். ஒரு டம்ளரில் 2, இன்னொன்றில் 6 என்றிருந்தால் நாசிலையும் கோணத்தையும் சரிபார்க்காமல் நேரத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. களிமண் தரையில் ஒரே மூச்சில் விட்டால் வழிந்தோடும். 10 நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி 10 நிமிடம் விடுங்கள். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையே ஏற்ற நேரம்.

5 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள தரைக்கு இதை வாங்க வேண்டாம். தண்ணீர் சுவரிலும் தெருவிலும்தான் விழும். அங்கே அதே நிறுவனத்தின் எம்பி ரொட்டேட்டர் நாசில் பொருந்தும். அதற்கும் 3 பாருக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் வேண்டும் என்பதால், மோட்டார் இல்லாமல் தப்பிக்க முடியாது.