ரேழியிலிருந்து பத்து மீட்டர்: ஒரு மேட்ச் ஏர் ரைஃபிளுடன் ஆறு ஆண்டுகள்

திருவையாற்றில் எங்கள் வீட்டில் ரைஃபிள் இருப்பதை அறிந்தவுடன் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மான் சுடவா மாப்பிள்ளை?" என்பதுதான். கோடியக்கரையில் வெளிமான்களும் புள்ளிமான்களும் கூட்டமாக மேய்வதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது இயல்பே. ஆனால் அந்தக் காடு 1967ஆம் ஆண்டு முதல் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நாட்டில் எங்குமே மான் வேட்டைக்கு இடமில்லை. நடவு வயலில் நிற்கும் கொக்கையும் மடையானையும் ஏர் கன்னால் சுடுவதும் அதே சட்டப்படி குற்றம் என்பதை நம் பக்கத்து இளைஞர்கள் பலர் உணர்வதில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். நான் சுடுவது காகித இலக்கை மட்டும். பத்து மீட்டர் தொலைவில், 45.5 மில்லிமீட்டர் அகலமுள்ள இலக்கின் நடுவே, அரை மில்லிமீட்டர் புள்ளியாக இருக்கும் பத்தாம் வளையத்தை.

2016ஆம் ஆண்டில் நான் முதலில் வாங்கியது ஸ்பிரிங் வகை ஏர் கன். குண்டு நொடிக்கு ஆயிரம் அடி வேகத்தில் பாயும் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னதை நம்பி வாங்கினேன். எத்தனை கவனமாகச் சுட்டாலும் ஐந்து குண்டுகளும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குச் சிதறின. ஓராண்டு முழுவதும் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் விடுபடும்போது உள்ளே பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து மோதி நிற்பதால், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. பிடிக்கும் விதம் சற்று மாறினாலும் குண்டு விழும் இடம் மாறிவிடும் என்பது பின்னர்தான் புரிந்தது. பத்து மீட்டர் போட்டிக்கென்றே செய்யப்படும் ரைஃபிளில் குண்டின் வேகம் நொடிக்கு சுமார் 170 மீட்டர்தான். ஆற்றல் எட்டு ஜூல் (joule) அளவைக்கூடத் தாண்டாது. ஆகவே விளம்பரத்தில் வேகத்தை முதலில் சொல்லும் துப்பாக்கியை, துல்லியம் தேடுபவர்கள் கடந்து போய்விடலாம்.

2018ஆம் ஆண்டு, சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு, வால்தர் நிறுவனத்தின் எல்ஜி400 என்ற போட்டி ரைஃபிளை, தோளில் பொருத்திப் பிடிக்கும் கட்டை அலுமினியத்தாலான வகையில் வாங்கினேன். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்டது என்பதால், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி இதற்கு உரிமம் தேவைப்படவில்லை. பெட்டியைத் திறந்தபோது முதலில் கையில் எடுத்தது தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து உடன் வைத்திருந்த சோதனை அட்டையைத்தான். ஐந்து குண்டுகள் பாய்ந்த இடம் ஐந்து துளைகளாக இல்லை; ஒரு குன்றிமணியை அழுத்தி எடுத்ததுபோல் ஒரே துளையாக, ஓரம் மட்டும் லேசாகப் பிசிறியிருந்தது. அந்த அட்டை இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

ஆனால் அந்த அட்டை தொழிற்சாலையில் போட்ட குண்டுக்கு மட்டுமே சான்று. பெல்லட் எனப்படும் இந்த ஈயக் குண்டின் தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு அளவுகளில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டைக் குழல் கண்டுகொள்கிறது. மரக்கட்டையில் துணி சுற்றி, ரைஃபிளை அசையாமல் பொருத்தி, ஒவ்வோர் அளவிலும் ஐந்தைந்து குண்டுகளாகப் பல தாள்களில் சுட்டுப் பார்த்தேன். நான் நம்பியிருந்த 4.49 அளவு துளையை நீள்வட்டமாக்கியது, 4.50 அளவில் சுட்ட தாள்கள் அந்த அட்டையை ஒத்திருந்தன. அதே அளவில் ஒரே தொகுதி எண் கொண்ட டப்பாக்களை மொத்தமாக வாங்கி வைத்தேன். ஆறு ஆண்டுகளில் என் மதிப்பெண்ணை உயர்த்திய செலவு எது என்று கேட்டால், இந்த ஒரு பிற்பகலைத்தான் சொல்வேன்.

எங்கள் வீடு பழைய நீளவாக்கு வீடு. ரேழியில் நின்றால் கூடத்தையும் முற்றத்தையும் தாண்டி இரண்டாம் கட்டுச் சுவர் வரை பத்து மீட்டருக்கு மேலேயே கிடைக்கிறது. சுவர் முன்பாக, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இலக்கின் மையம் வருமாறு இரும்புப் பெட்டி ஒன்றை நிறுத்தி, வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் தாழிட்ட பிறகே குண்டு போடுகிறோம். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் என் மகளும் இதே ரைஃபிளில்தான் சுடுகிறாள். தோள்தட்டு, கன்னத்தாங்கி, கைப்பிடி எல்லாவற்றையும் அவரவர் உடம்புக்கேற்ப நகர்த்திக்கொள்ள முடிவதுதான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். அவளுடைய அளவுகளைச் சிவப்பு நகப்பூச்சாலும் என்னுடையவற்றை வெள்ளையாலும் கோடிட்டு வைத்திருக்கிறோம். "அப்பா, நீங்க கன்னத்தை அழுத்துறீங்க, அதான் இடப்பக்கம் போவுது" என்று ஒருநாள் அவள் சொன்னதைக் கேட்டுத் தாங்கியை மூன்று மில்லிமீட்டர் உயர்த்தினேன். பல மாதங்களாக நான் டயாப்டரின் (கண்ணருகே இருக்கும் பின்குறியின்) திருகைத் திருப்பிச் சரிசெய்ய முயன்ற கோளாறு அன்றோடு தீர்ந்தது.

டெல்டாவின் ஈரம்தான் பெரும் சோதனை. முதல் ஐப்பசி அடைமழையில், பெட்டியின் நுரைமெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று அறியாமல், பதினைந்து நாள் மூடியே வைத்துவிட்டேன். திறந்தபோது குழல்முனையிலும் இரண்டு திருகுகளிலும் மஞ்சள்தூள் தெளித்தாற்போல் துரு பூத்திருந்தது. மூடாமல் விட்ட டப்பாவில் ஈயக் குண்டுகள் வெண்மையாகப் பொடி தட்டியிருந்தன. இப்போது மழைக்காலத்தில் ரைஃபிளைப் பெட்டியில் வைப்பதே இல்லை. மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டிய மர அலமாரியில் நிறுத்தி, சிலிக்கா ஜெல் பைகளை அடியில் வைக்கிறேன். அது கிடைக்காத மாதத்தில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தும் சமாளித்திருக்கிறேன். குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைக் கைப்பம்பால் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியது நான் செய்த மற்றொரு பிழை. அடைமழைக் காற்றின் ஈரமும் சேர்ந்தே உள்ளே போய், நான்காம் ஆண்டில் ஓ-ரிங் என்ற அடைப்பு வளையம் வழியாகக் காற்று கசியத் தொடங்கியது. ரிங்கை மாற்றியபின், திருச்சிக்குப் போகும்போதெல்லாம் உலர்காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்துதான் நிரப்பி வருகிறேன்.

பழைய ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் குழலைப் பார்ப்பதற்கு முன்பு சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பொதுவாகப் பத்து ஆண்டுகளே அதன் பயன்பாட்டுக் காலம். தேதி கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். எங்களுடையதில் 2018 என்று இருக்கிறது. மகள் கல்லூரியை முடிக்கும் சமயத்தில் புதியது தேவைப்படும். அதற்காக மாதச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்.